அரக்குக்கு ஊற்றிய கஞ்சி

எங்கள் கோழியின் கழுத்துக்குக் கீழே, நெஞ்சு தொடங்கும் இடத்தில், கட்டைவிரல் நீளத்துக்கு இறகு முளைக்காத ஒரு கோடு இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். "நூலை முழுங்கிடுச்சு, ஆபரேஷன் பண்ணோம்" என்பேன். கோழிக்கு ஆபரேஷனா என்று வாயில் கைவைத்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் நூல் எப்படி உள்ளே போனது என்று யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. தறி ஓடும் வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான். அதனால் எழுதுகிறேன். எழுத்திலாவது முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்றும் இருக்கிறது.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். என் வீட்டுக்காரர் ஏகாம்பரம், அவர் தங்கை வசந்தா, நான். மகன் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய் அங்கேயே ரூம் எடுத்துத் தங்கிவிட்டான். வசந்தா கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்துவராமல், ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள். வந்த வாரமே தறியில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் ஊர்ப் பட்டுச்சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வர வேண்டுமானால் தறிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நெய்வார், இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கரை இழை வைத்த நாடாவைக் குறுக்கே தள்ளுவார். கோர்வை என்போம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பக்கத்து இடம் என்னுடையது. வசந்தாவின் கை என் கையைவிட வேகம். வீட்டுக்காரர் எழச் சொல்லவில்லை, நானேதான் எழுந்து கொடுத்தேன். எழுந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது.

அதன் பிறகு என் வேலை நாடாவுக்குள் வைக்கும் குச்சியில் நூலேற்றித் தார் சுற்றுவது, பாவுக்குக் கஞ்சி போடுவது, சமையல்.

கோழி வந்தது ஒரு பங்குனி உத்திரத்தன்று. கோயில் வாசல் கடைகளுக்கு நடுவே, சாயம் போட்ட குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். வசந்தா கிளிப்பச்சையில் ஒன்றை வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். என் வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கி, சேலை பார்ப்பதுபோல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சாயம்மா இது? ஒரு தண்ணிக்கு நிக்காது."

நிற்கவும் இல்லை. பச்சை போய், அடியிலிருந்து செம்பழுப்பாக இறகு வந்தது. வளர வளர அது அசல் அரக்கு நிறமாகிவிட்டது. பேரும் அதுவே ஆனது. அன்றோடு எங்கள் வீட்டில் கோழிக்கறி நின்றது. "கோழி வளக்கறது அவ, நாக்கை அடக்கறது நானா" என்று புலம்பிக்கொண்டே அவர் ஆட்டுக்கறிக்கு மாறிக்கொண்டார்.

அரக்கு வசந்தாவின் கோழி. அவள் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்தால், அது இறங்கி அவள் பாதத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். அவள் சாப்பிட உட்கார்ந்தால் மடியில் ஏறும். நான் கூப்பிட்டால் மட்டும் கழுத்தைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்க்கும், பிறகு தன் வேலையைப் பார்க்கும். எச்சம் போட்டு வீட்டை நாறடிக்கிறது என்று வாய் ஓயாமல் திட்டியவள் நான். உள்ளுக்குள் வேறு. தறியும் அவளுக்கு, கோழியும் அவளுக்கா என்று இருந்தது. ஒரு கோழி என்னை மதிக்கவில்லை என்று நான் மனசு நோகிறேன் என்றால் தெருவே சிரிக்காதா? அதனால் திட்டுவதோடு நிறுத்திக்கொண்டேன்.

பாவு என்பது சேலையில் நீளவாக்கில் ஓடும் இழைகள். தறியில் ஏற்றும் முன்னால் விடியற்காலையில் அதைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, தண்ணீராக அரிசிக் கஞ்சி காய்ச்சித் தடவுவோம். கஞ்சி காய்ந்தால் இழை விறைப்பாக நிற்கும், ஒன்றோடொன்று ஒட்டாது. தடவிக்கொண்டே போகும்போது அறுந்த இழை கண்ணில் படும். முடிச்சுப் போட்டு, மீந்த நுனியைக் கிள்ளிவிடுவோம். கிள்ளியது ஈர விரலில் ஒட்டிக்கொள்ளும். அதே விரலைத்தான் மறுபடி கஞ்சிப் போசிக்குள் முக்குவோம். வேலை முடியும்போது போசியின் அடியில் கொஞ்சம் கஞ்சியும், அதில் பட்டுத் துணுக்குகளும் கிடக்கும்.

ஒருநாள் அந்த மீதியைப் புழக்கடையில் கொட்டப் போனேன். அரக்கு ஓடி வந்தது. வசந்தாவிடம் அல்ல, என்னிடம். போசிக்குள் தலையை விட்டு, மூக்கெல்லாம் கஞ்சியாக நிமிர்ந்து என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையில் நான் விழுந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதிலிருந்து வழக்கமாகிவிட்டது. வசந்தா தறியில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் புழக்கடைக்குப் போவேன். கண்ணாடி வளையலால் போசியின் விளிம்பை இரண்டு தட்டு தட்டுவேன். எங்கே இருந்தாலும் ஓடி வரும். நீள இழைகளைப் பொறுக்கிப் போட்டுவிட்டுத்தான் வைப்பேன், பொடிசாகக் கிடப்பதை விட்டுவிடுவேன். கல்லையே தின்று செரிக்கிற ஜென்மத்துக்கு இந்த இழை ஒரு பொருட்டா என்று நினைப்பு. வடிகட்ட எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு துணி போதும். பட்டு நெய்கிற வீட்டில் துணிக்கா பஞ்சம்? வடிகட்டவில்லை. வடிகட்டிக்கொண்டிருந்தால் யாராவது வந்துவிடுவார்களே என்ற அவசரம். அதுதான் நிஜம்.

சித்திரை வெயில் தொடங்கிய சமயம், அரக்கு ஒரு காலையில் கூட்டைவிட்டு வெளியே வரவில்லை. இறகை உப்பிக்கொண்டு, கண் மூடி நின்றது. கம்பு தூவினால் பார்க்கவில்லை. கழுத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்ததுபோல் ஒரு பக்கமாகப் புடைத்திருந்தது. வாயருகே முகர்ந்தால் புளித்த மாவு வாடை. எச்சம் வெள்ளையாக, தண்ணீராக இருந்தது.

பக்கத்து வீட்டு மல்லிகா எட்டிப் பார்த்தாள். அவள் வீட்டிலும் தறிதான், நாலைந்து கோழியும் உண்டு.

"வெள்ளைக்கழிச்சல் மாதிரி இருக்குது வசந்தா. தடுப்பு மருந்து போட்டியா? போன தபா முகாம் போட்டாங்களே, எங்களுதுங்கள தூக்கிக்கினு போனேனே."

வசந்தாவின் முகம் செத்துவிட்டது. முகாம் நடந்த அன்று அவள் தாமலில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். வந்து போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தவள் மறந்துபோனாள்.

"நான்தான் அண்ணி. நான்தான் வுட்டுட்டேன். சோறு திங்கறதுக்குப் போயி அத்த வுட்டுட்டேன்."

"அழாத. மருந்து போட்டிருந்தாலும் வர்றது வரும்" என்றேன். நல்ல அண்ணி மாதிரி அவள் முதுகைத் தடவியும் கொடுத்தேன். கஞ்சியின் நினைப்பு அப்போதே எனக்கு வந்துவிட்டது. மல்லிகாதான் வெள்ளைக்கழிச்சல் என்கிறாளே என்று அதைப் பிடித்துக்கொண்டேன். நோய் அதுவாகவே இருக்கட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். அது வந்தால் கோழி பிழைப்பது கஷ்டம் என்று தெரிந்துதான் வேண்டிக்கொண்டேன்.

சின்ன வெங்காயமும் சீரகமும் மஞ்சளும் அரைத்து உருட்டி ஊட்டினோம். உருண்டை வாயிலேயே நின்றது. மத்தியானம் துணிப்பையில் வைத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

தகரக் கொட்டகைக்குக் கீழே மாடும் ஆடும் நின்றன. சங்கிலியில் இரண்டு நாய்கள். ஒரு நாய்க்கு மேல்சட்டைகூடப் போட்டிருந்தார்கள். எங்கள் பை அசைந்ததைப் பார்த்து, கன்றுக்குட்டியோடு நின்றவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா, கோழியா? இதுக்கா வரிசையில நின்னுகினு கீறீங்க? உசுரு இருக்கறப்பவே குழம்பு வெச்சிருக்கலாமே."

வசந்தா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்தது. "ஒங்க கன்னுக்குட்டிய குழம்பு வெக்க சொன்னா வெப்பீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கன்றின் கயிற்றை இழுத்துக்கொண்டு தள்ளி நின்றார். வசந்தா என்னை நன்றியோடு பார்த்தாள். கோழிக்காக ஊரோடு சண்டை போடும் அண்ணி. அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை, மாட்டைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். சிரிக்கவில்லை. அரக்கை மேஜையில் நிறுத்தி, கண்ணிமையை விலக்கிப் பார்த்தார், இறக்கைக்குக் கீழே தொட்டுப் பார்த்தார், புடைப்பை மெதுவாக அமுக்கினார்.

"இது தீனிப்பை. கோழி சாப்பிடறது முதல்ல இங்கதான் வந்து சேரும். இங்க ஊறி, கொஞ்சம் கொஞ்சமா வயித்துக்கு இறங்கும். இப்போ இறங்கல. காய்ச்சல்ல உடம்பு சோர்ந்தாலும் இறங்காது, ஏதாவது அடைச்சாலும் இறங்காது. என்னென்ன குடுக்கறீங்க?"

வசந்தா விரல் மடக்கிச் சொன்னாள். கம்பு, நொய், கீரை, எப்போதாவது தேங்காய்ப் பூ.

"வேற ஏதாவது?" டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

நான் பையை மடித்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேர்த்தியாக மடித்தேன். "வேற ஒண்ணும் இல்ல டாக்டர்மா" என்று வசந்தாவே சொல்லிவிட்டாள்.

தடுப்பு மருந்து போடாத விஷயத்தையும் அவளே ஒப்புக்கொண்டாள். டாக்டர் ஒரு ஊசி போட்டார், சொட்டு மருந்து எழுதினார். இன்றைக்குத் தண்ணீர் மட்டும் கொடுங்கள், தீனி வேண்டாம், காலையில் எழுந்ததும் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள், நல்ல கோழிக்கு அது காலையில் காலியாக இருக்கும் என்றார். இல்லாவிட்டால் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்.

வீட்டில் அதைக் கூடைக்குள் கோணி விரித்துக் கூடத்தில் வைத்தோம். என் வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்து நாலு முறை அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் கூடைக்குள் அரக்கு தூக்கிவாரிப்போட்டது. அவர் நிறுத்தினார். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு போய், மருந்து ஊற்ற ஊசியில்லாத சிரிஞ்சு வாங்கிக்கொண்டு வந்தார். அதன் பிறகு கோழி தேறும்வரை தறி ஓடவில்லை. முதலாளி போன் செய்தபோது, "கை வலிங்க" என்றார். நாக்கை அடக்குவது நானா என்று புலம்பிய மனிதர்தான்.

அன்று ராத்திரி யாரும் சரியாகத் தூங்கவில்லை. விடிந்ததும் வசந்தாவுக்கு முன்னால் நான் கூடைக்குப் போனேன். இரண்டு விரலால் தீனிப்பையைத் தொட்டேன்.

காலியாகவில்லை. டாக்டரின் விரலுக்குத் தெரியாத ஒன்று என் விரலுக்குத் தெரிந்தது. தானியம் நெருநெருவென்று இருக்கும். இது அப்படி இல்லை. அமுக்கினால் அமுங்கி, விட்டால் மெதுவாக எழும்பியது. வாழ்நாள் முழுக்கத் தார் சுற்றிய விரல் இது. உள்ளே கிடப்பது நூல் என்று தோலுக்கு வெளியிலிருந்தே தெரிந்துவிட்டது.

அப்போதே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வசந்தா கண்ணைக் கசக்கிக்கொண்டு பின்னால் வந்து நின்றாள்.

"காலியாயிடுச்சா அண்ணி?"

"இல்ல."

"நான் கொன்னுட்டேன்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு சொட்டு மருந்து அண்ணி. கண்ணுல வுடற ஒரு சொட்டு. அத்தக்கூட நான் செய்யல. என்கிட்ட எது வந்தாலும் இப்படித்தான் ஆவுது."

அந்தக் கடைசி வாக்கியத்தில் அவள் கோழியை மட்டும் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது. புரிந்தும் வாய் திறக்கவில்லை. அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டு, அவள் சுமப்பது என் பாரம் என்று தெரிந்துகொண்டு, காபி போட உள்ளே போனேன். இந்த மொத்தக் கதையிலும் என்னை நான் மன்னிக்காத இடம் அதுதான். கஞ்சி ஊற்றியதையாவது தெரியாமல் செய்தேன் என்று வைத்துக்கொள்ளலாம். காபி போட்டது தெரிந்து செய்தது.

மறுபடி ஆஸ்பத்திரி. அரக்கு பையில் அசையாமல் கிடந்தது. டாக்டர் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது காய்ச்சல் மாதிரி தெரியல. உள்ள ஏதோ அடைச்சிருக்கு. வைக்கோல், கயிறு, நூல், இந்த மாதிரி ஏதாவது முழுங்க வாய்ப்பு இருக்கா?"

வசந்தா ரோஷமாக நிமிர்ந்தாள். "எங்க வீட்டுல தறி இருக்குது டாக்டர்மா. ஆனா ஒரு இழை தரையில இருக்காது. தறிய வுட்டு எழுந்தா மொதல்ல பெருக்கிட்டுதான் மத்த வேல. கோழி இருக்குதுன்னு நானே ரெண்டு தபா பெருக்குவேன்."

டாக்டர் தலையாட்டினார். நூல் இல்லை என்று எழுதிக்கொள்ளப் போகிறார். அடுத்ததாக இன்னொரு மருந்து எழுதுவார், வீட்டுக்குப் போவோம், நாளைக்கு இது இருக்காது.

"இருக்குது டாக்டர்மா" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது. "நூலுதான். பாவுக்குப் போடற கஞ்சியில துணுக்கு கெடக்கும். மீந்தத நான் இதுக்கு ஊத்தியிருக்கேன்."

"எத்தனை தடவை?"

"ரெண்டு மூணு தபா."

வசந்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையிலிருந்த பையை மட்டும் என் கையில் கொடுத்தாள்.

கிழித்து எடுத்தால்தான் உண்டு என்றார் டாக்டர். கோழிக்கு ஆபரேஷன் செய்யச் சொல்லி யாரும் கேட்பதில்லை, ஆனாலும் செய்யலாம், வெளி நோயாளிக் கூட்டம் முடியட்டும் என்றார். செய்யலாம் என்ற அந்த ஒரு சொல்லில் என் பயம் பாதி போய்விட்டது. முழு மயக்கம் கொடுத்தால் இந்தச் சோர்வில் எழுந்திருக்காது, அதனால் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்ய ஊசி, யாராவது அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். வசந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பிடித்தேன்.

இறக்கைகளைச் சேர்த்து என் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டேன். உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் இறகைப் பிடுங்கி, துடைத்து, முதலில் தோலைக் கீறினார். பிறகு அதற்குக் கீழே மெல்லிய பையைக் கீறினார். புளித்த வாடை அறை முழுக்க வந்தது. இடுக்கியால் உள்ளே தேடி மெதுவாக இழுத்தார். ஈரமாக, உருண்டையாக, கோழிமுட்டை அளவுக்கு ஒரு நூல் கட்டி வந்தது. அதன் அடியிலிருந்து ஒரு ஒற்றை இழை இன்னும் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

தொங்கும் இழையைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. விரல் தானாக நீண்டது.

"தொடாதீங்க!" டாக்டர் அதட்டினார். "அது வயித்துக்குள்ள எங்க மாட்டியிருக்குன்னு தெரியாது. இழுத்தா கத்தி மாதிரி குடலை அறுத்துடும்."

அந்த இழையைக் கீறிய இடத்திலேயே கத்தரியால் நறுக்கிவிட்டார். சின்ன மீதி தானாக இறங்கிவிடும், இறங்க வேண்டும் என்றார். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் பையைக் கழுவி, ஒழுகுகிறதா என்று பார்த்து, உள்ளே ஒரு தையலும் வெளியே ஒரு தையலும் போட்டார். வெளித்தையலுக்குக் கறுப்புப் பட்டு நூல். நான் அதையே பார்ப்பதைக் கவனித்து, "பயப்படாதீங்க, இது முழுங்கற பட்டு இல்ல" என்றார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

தட்டில் கிடந்த கட்டியை வசந்தா தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். ஏன் அலசுகிறாள் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. அலச அலச அழுக்குப் போய் நிறம் வந்தது. மேலே மயில்கழுத்து. அவள் ஊசி முனையால் அதைப் பிரித்தாள்.

"இது இப்ப தறியில ஓடறது" என்றாள். யாரிடமும் சொல்வதாக இல்லை, கணக்குப் பார்ப்பதுபோல் இருந்தது.

அதற்கு அடியில் மாம்பழ மஞ்சள். "இது தையில போட்ட பாவு." அதற்கு அடியில் கத்திரிப்பூ. "இது கார்த்திகையில. கரைக்குத் தேன் கலரு கொடுத்தோமே." இன்னும் உள்ளே, நெருக்கி முறுக்கிக்கொண்டு, இலைப்பச்சை. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "தீபாவளிச் சேல." கடைசியாக ஒரு வெங்காயத்தோல் நிறத்துத் துணுக்கு. அதை வெகுநேரம் பார்த்தாள்.

"இது நம்ம பாவே இல்லியே அண்ணி. இது மல்லிகா வூட்டுது."

மல்லிகா வீட்டுப் பாவுக்கு ஒருநாள் கைகொடுக்கப் போயிருந்தேன். மீந்த கஞ்சியை அங்கே கொட்டாமல் வாங்கிவந்தேன். ரெண்டு மூணு தபா என்று சொன்ன வாய் உலர்ந்துபோனது. வேறு எந்த ஊரிலும் அந்தக் கட்டி வெறும் குப்பை. எங்கள் ஊரில், எங்கள் வீட்டில், அது நான் எந்தெந்த மாதத்தில் யார் கண்ணுக்கும் தெரியாமல் புழக்கடைக்குப் போனேன் என்று நிறம் நிறமாகச் சொல்லிவிட்டது. டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் இருவருக்கும் புரிந்தது.

வசந்தா கட்டியைக் காகிதத்தில் சுற்றி, ஆட்டோவில் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டில் என் வீட்டுக்காரர் கட்டியைப் பார்த்துவிட்டு, "பாத்தியா, நம்ம சாயம் கோழி வயித்துலகூட போவல" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

இனிமேல்தான் பெரிய பயம். தானாகத் தின்ன ஆரம்பித்தால் பிழைத்துவிடும், தின்னாவிட்டால் ஆபரேஷன் செய்தும் பயனில்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் குழைந்த ஆகாரம்தான் கொடுக்கலாம். வசந்தா சோற்றைக் கூழாகப் பிசைந்து நீட்டினாள். தலையைத் திருப்பிக்கொண்டது. முட்டை மஞ்சளைக் கரைத்து நீட்டினாள். கண்ணே திறக்கவில்லை. சிரிஞ்சில் ஊற்றியது ஓரமாக வழிந்தது. மறுநாளும் அப்படியே. மடியில் வைத்துக்கொண்டு செல்லம், கண்ணு என்று அவள் கொஞ்சுவது கேட்டுக்கொண்டே இருந்தது. என்னிடம் அவள் பேசியது மருந்து எங்கே, துணி எங்கே, அவ்வளவுதான். நான் பக்கத்தில் போகவில்லை. போக எனக்கு என்ன யோக்கியதை?

அன்று சாயங்காலம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். வசந்தா வந்து எதிரே நின்றாள். கையில் கஞ்சிப் போசி. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கழுவியிருந்தாள். உள்ளே மெல்லிய கஞ்சி, துணியில் வடிகட்டியது.

"எப்படிக் கூப்புடுவ?"

நான் துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கினேன்.

"எப்படிக் கூப்புடுவன்னு கேக்கறேன் அண்ணி. நான் ஸ்பூனால தட்டினேன், விரலால தட்டினேன். வரல. எப்படி?"

கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கூடைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவளுக்கு முன்னால் அதைச் செய்ய வெட்கமாக இருந்தது. வளையலால் போசியின் விளிம்பைத் தட்டினேன். இரண்டு தட்டு.

அரக்கின் கண் திறந்தது. மறுபடி தட்டினேன். கழுத்து மெல்ல எழுந்தது. தையல் இழுக்கும் போலிருக்கிறது, ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே கூடையின் ஓரத்துக்கு நகர்ந்து வந்து, போசிக்குள் மூக்கை விட்டது. ஒரு வாய். அண்ணாந்து விழுங்கியது. இன்னொரு வாய். பிறகு மூக்கெல்லாம் கஞ்சியாக நிமிர்ந்து என்னைப் பார்த்தது. அன்றைக்கு முதல் முதலாகப் பார்த்த அதே பார்வை.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. விஷம் வைத்த கையையா இது தேடிக்கொண்டிருந்தது?

வசந்தா பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுநேரம் அது தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு அண்ணி?" என்றாள். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எல்லாம் உங்கிட்டயே வருது" என்றேன். "இது ஒண்ணாவது எங்கிட்டயும் வரட்டுமேன்னு."

சொல்லி முடித்ததும்தான் அது எவ்வளவு அற்பம் என்று உறைத்தது. அவளிடம் என்ன வந்தது? ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள். தறியில் ஒரு பக்கமும், மடியில் ஒரு கோழியும் தவிர அவளுக்கு இந்த வீட்டில் என்ன இருக்கிறது?

வசந்தா முந்தானையால் கோழியின் மூக்கைத் துடைத்தாள்.

"கேட்டிருந்தா நானே தூக்கி ஒன் மடியில வெச்சிருப்பேனே அண்ணி."

பாடம் புகட்டும் குரலில் அவள் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, தையல் படாமல் இரண்டு கையால் அரக்கைத் தூக்கி என் மடியில் வைத்தாள். வைத்தபோது அது எவ்வளவு லேசாகப் போயிருக்கிறது என்று தெரிந்தது.

தையல் பிரித்தாயிற்று. உள்ளே போன மீதி இழை எச்சத்தோடு ஒருநாள் வெளியே வந்தது, மயில்கழுத்துதான். டாக்டருக்கு ஒரு படி காராமணி கொண்டுபோய்க் கொடுத்தோம், வேண்டாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டார். தறி மறுபடி ஓடுகிறது. வாரத்தில் சில நாள் வசந்தா எழுந்துகொண்டு, "நீ உக்காரு அண்ணி, எனக்கு இடுப்பு வலிக்குது" என்கிறாள். அவளுக்கு இடுப்பு வலி எதுவும் கிடையாது. தறி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கஞ்சியில் கிடக்கும் துணுக்கு கோழிக்குச் செரிக்காது, மாதக்கணக்கில் தங்கி அடைத்துக்கொள்ளும். காலையில் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். டாக்டர் கேட்கும்போது ஒளிக்காமல் சொல்லுங்கள்.

அரக்குக்கு இப்போது கஞ்சி கிடையாது. அதற்கு மட்டும் அது புரியவில்லை. பாத்திரம் துலக்கும்போது வளையல் தெரியாமல் எதிலாவது பட்டுவிடுகிறது. எங்கிருந்தாலும் இறக்கையை விரித்துக்கொண்டு ஓடி வந்துவிடுகிறது. ஒன்றும் இல்லை, போ என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டுகிறேன். போவதில்லை. நல்லது ஏதோ வரப்போகிறது என்று என் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.